அம்மா சொன்ன பிரட்டு

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஒரு கணினி மென்பொருளைப் பற்றி.

நோயாளி சொல்வதைக் கேட்பதுதான் வைத்தியத்தின் முதற்படி. தோட்டத்துத் தாய் ஒருவர் சொல்வது, தமிழ் தெரியாத வைத்தியரிடம் போய்ச் சேர்வதற்குள் பாதி தொலைந்துவிடுகிறது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்று மேசையில் இருந்தால், பிறகு மொழிபெயர்ப்பது எளிது அல்லவா? நம் பாடசாலையில் எனக்குப் பின்னால் படித்து, இன்று மென்பொருள் பொறியியலாளராக இருக்கும் தங்கை ஒருவர், விடுமுறை நாட்களில் அதைச் செய்து தந்தார்.

முழுவதையும் அவர் புதிதாக எழுதவில்லை. 2022 செப்டெம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் 'விஸ்பர்' என்ற பேச்சறியும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. பல்கேரியரான கியோர்கி கெர்கானோவ் அதைச் சாதாரண மடிக்கணினியில் இணையம் இல்லாமலே இயங்கும்படி மாற்றி எழுதினார். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். நோயாளியின் குரல் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. மழை நாளில் மலையில் இணையமும் வராது. குரலை வினாடிக்கு 16,000 எண்களாகப் பதிந்து, 30 வினாடித் துண்டுகளாக எடுத்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று அது கணித்து எழுதுகிறது.

நான் பத்திரிகைச் செய்தி ஒன்றை வாசித்தேன். அநேகமாகச் சரியாகவே எழுதியது. பிறகு என் அம்மாவைப் பேச வைத்தேன். அவர் கொழுந்து பறித்தவர். "அன்னைக்குக் காலையில பிரட்டுல நிக்கிறப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு" என்றார். திரையில் வந்தது: "அன்றைக்குக் காலையில் பிரெட் திங்கிறப்ப கண் இருட்டிக்கொண்டு வந்தது."

அம்மா சிரித்துவிட்டார். "பாணுக்கே வழியில்லாம வெறும் வயித்தோட நின்னேன், உன் பொட்டி என்னைத் திங்க வச்சிருச்சே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறும் வயிற்றோடு பிரட்டுக்களத்தில் நின்றவர் மயங்கினால் இரத்தச்சோகையை, குறைந்த இரத்த அழுத்தத்தை நினைப்பேன். சாப்பிடும்போது மயங்கினார் என்றால் என் கேள்விகளே வேறு. விளங்காத இடத்தை இயந்திரம் வெறுமையாக விடவில்லை. நம்பும்படியான ஒரு வாக்கியத்தை எழுதி வைத்தது. விஸ்பரின் ஆங்கிலப் பதிவுகளிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றில், யாரும் சொல்லாத வார்த்தைகள் இருந்ததாக 2024இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆகவே, அந்த மென்பொருளை இன்னும் நோயாளிகளுக்கு முன் நான் வைக்கவில்லை.

குறை எங்கே? 2022இல் வெளியான விஸ்பர் கேட்டுப் பயின்றது 680,000 மணித்தியாலப் பேச்சு. அதில் பெரும்பகுதி ஆங்கிலம். எழுத்தோடு சேர்ந்த தமிழ் 200 மணித்தியாலம்கூட இல்லை. பிரட்டும் லயமும் பேர் போடுவதும் அதில் எத்தனை தடவை வந்திருக்கும்?

இதை நாம் மாற்றலாம். மொஸில்லா அமைப்பு 2017இல் தொடங்கிய 'கொமன் வொய்ஸ்' திட்டத்தில் தமிழும் உண்டு. யாரும் குரல் கொடுக்கலாம். வாக்கியங்களும் எழுதிச் சேர்க்கலாம். நம்மவர் பேசுகிற மாதிரியே வாக்கியங்களை எழுதுங்கள்; பிறகு வாசித்துப் பதியுங்கள். டொரன்டோவில் இருந்தாலும், இலண்டனில் இருந்தாலும், ஹட்டனில் இருந்தாலும் செய்யலாம். அம்மாவையும் அம்மாயியையும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பேச வையுங்கள். அந்தப் பதிவுகளை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால், பெயர், முகவரி, நோய் விபரம் எதுவும் வேண்டாம்.

"வந்துச்சு" என்று கட்டுரையில் எழுதியதற்கு இந்தப் பாடசாலையில் எனக்குச் சிவப்பு மையில் கோடு விழுந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. எழுத்துத் தமிழ் என்னை வைத்தியராக்கியது. ஆனால் என்னிடம் வரும் தாய்மார் "வந்துச்சு" என்றுதான் சொல்கிறார்கள். அதையும் பிழையில்லாமல் கேட்க ஓர் இயந்திரம் பழக வேண்டும். பழக்கவேண்டியவர்கள் நாம்தான்.