கடைசி வரிசைக்கும் ஒரு வித்தை



ஆசிரியர் மாணவருக்குக் கற்பிப்பவை பல. மாணவரிடமிருந்து ஆசிரியர் கற்றுக்கொள்பவையும் சில உண்டு. அவ்வாறு நான் ஒரு சிறுவனிடம் கற்ற பாடத்தை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது கணக்கும் அன்று, இலக்கணமும் அன்று. பெரிய அரங்கில் வித்தை காட்டுவோர் எத்தகைய வித்தையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அப்பாடம்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளிலேயே எனக்குச் சிறுசிறு ஜாலவித்தைகளில் நாட்டம் உண்டு. பாடத்தில் சலிப்புத் தட்டும்போது ஒரு காசை மறைத்துக் காட்டினால், தூங்கி வழியும் பிள்ளையும் நிமிர்ந்து உட்காருவான். ஆசிரியர் ஓய்வறையிலும் என் காசு வித்தைக்கும் சீட்டு வித்தைக்கும் நல்ல பெயர் இருந்தது. அந்தத் துணிவில், நான் பணியாற்றிய பள்ளியொன்றின் ஆண்டு விழாவில் வித்தை காட்ட இசைந்தேன். விழா ஊரிலிருந்த பெரிய அரங்கில் நடந்தது. மாணவர், பெற்றோர், ஊரார் என 700 பேர் வரை கூடியிருந்தனர். ஓய்வறையில் பத்துப் பேர் வியந்து பாராட்டிய அதே வித்தைகளை ஒரு பிழையும் இன்றிச் செய்தேன். முன்வரிசைப் பெரியவர்கள் கைதட்டினார்கள். பின்னாலோ பேச்சொலியும் நாற்காலிகள் நகரும் ஓசையுமே கேட்டன. அடக்கமற்ற கூட்டம் என்று மனத்துக்குள் கடிந்துகொண்டே மேடையை விட்டு இறங்கினேன்.

மறுநாள் காலை பள்ளி வாயிலில் ஒரு சிறுவன் எனக்காகக் காத்து நின்றான். ஆறாம் வகுப்பு மாணவன். பக்கத்துச் சிற்றூரிலிருந்து தன் பாட்டியையும் அழைத்துக்கொண்டு விழாவுக்கு நடந்தே வந்தவன். "ஐயா, நேற்று நீங்கள் கையில் என்ன வைத்திருந்தீர்கள்? பாட்டி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றான்.

காசு எப்படி மறைந்தது என்று அவன் கேட்டிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். கையில் என்ன இருந்தது என்றல்லவா கேட்டான்! அந்தக் கேள்விக்கு முன் நான் நாணி நின்றேன். குறை கூட்டத்தின்மேல் அன்று. என் தேர்வின்மேல் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

வித்தைகளுக்கு அவை அவை பிறந்த இடம் உண்டு. செப்பிடு வித்தை என்று நம் முன்னோர் வழங்கியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். செப்பு என்றால் சிமிழ். தெருவோரத்தில் வித்தைக்காரன் தரையில் துணி விரித்து அமர்வான். மூன்று சிமிழ்களைக் கவிழ்ப்பான். உள்ளே இருந்த சிறு பந்து ஒன்றில் மறையும், மற்றொன்றில் தோன்றும். சுற்றி நிற்பவர்கள் குனிந்து பார்ப்பார்கள். அவன் விரலுக்கும் அவர்கள் கண்ணுக்கும் இடையே இரண்டு முழத்தொலைவுகூட இராது. அந்த நெருக்கமே அவ்வித்தையின் உயிர். அதே மனிதனை அதே சிமிழ்களுடன் ஆயிரம் பேர் அமரும் அரங்கின் மேடையில் ஏற்றினால், அவனுடைய கைத்திறன் அணுவளவும் குறையாது. ஆயினும் வித்தை முன்வரிசையோடு நின்றுவிடும்.

அரங்கிற்கென வித்தையைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் தாம் மேடையில் நிற்கலாகாது. கடைசி நாற்காலியில் போய் உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் சில உண்மைகள் தாமே புலப்படும். மேசைமேல் கிடத்தி வைத்த பொருள் கீழ்த்தளத்தில் இருப்பவர்க்குத் தெரியாது. அவர்கள் காண்பது மேசையின் விளிம்பை மட்டுமே. பால்கனியில் இருப்பவரோ மேலிருந்து நோக்குவதால், மற்றவர் காணக்கூடாத பெட்டியின் உட்புறத்தையும் கண்டுவிடுவார். ஓர வரிசையில் இருப்பவர் பக்கவாட்டில் மறைத்ததைப் பார்த்துவிடுவார். கறுப்புத் திரைக்கு முன்னால் கருநீலக் கைக்குட்டை இருந்தும் இல்லாததே. ஆதலால் நிமிர்த்திக் காட்டக்கூடியது, மார்பளவு உயரத்தில் பிடிக்கக்கூடியது, பின்திரையின் நிறத்திலிருந்து வேறுபட்டு நிற்பது, எல்லாப் பக்கத்துப் பார்வைக்கும் ஈடுகொடுப்பது ஆகிய இயல்புகள் உடைய வித்தையே அரங்கிற்கு ஏற்றது.

இதற்குச் சான்றாக இரண்டு வித்தைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 1921ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டனில் பி. டி. செல்பிட் என்பவர், ஒரு பெண்ணைப் பெட்டியில் படுக்கவைத்து ரம்பத்தால் அறுக்கும் வித்தையைப் பொதுமக்கள் முன் காட்டினார். 1965இல் ராபர்ட் ஹார்பின் என்பவர் வேறொரு வழி கண்டார். அவருடைய பெட்டி நின்றுகொண்டிருப்பது. அதனுள் நிற்கும் பெண்ணின் முகமும் கையும் காலும் வெளியே தெரிந்துகொண்டிருக்க, நடுப்பகுதி மட்டும் பக்கவாட்டில் தள்ளப்படும்! மூன்று துண்டாக இடம் மாறிய உருவம், ஓவியம் போல அரங்கத்தின் எம்மூலைக்கும் தெரியும். விளக்கம் கூற ஒரு சொல்லும் வேண்டியதில்லை.

அப்படியானால் பெரிய அரங்கிற்குப் பெரிய பொருள் வேண்டும் என்பதுதானே முடிவு என்று நீங்கள் எண்ணலாம். நானும் அவ்வாறுதான் எண்ணினேன். அந்த எண்ணத்தைத் திருத்தியது ஓர் யானையின் கதை.

நியூயார்க்கு நகரில் ஹிப்போட்ரோம் என்னும் பேரரங்கு இருந்தது, 1939இல் இடிக்கப்பட்டது. அதில் 5,000 பேருக்கு மேல் அமரலாம். 1918ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், புகழ்பெற்ற ஹாரி ஹூடினி அந்த மேடையில் ஜென்னி என்னும் யானையை மறையச் செய்தார். யானையைவிடப் பெரிய பொருளை மேடைக்குக் கொண்டுவர யாரால் இயலும்? யானை ஒரு பெரிய கூண்டறைக்குள் சென்றது, திரை மூடித் திறந்தது, யானை இல்லை. ஆனால் அரங்கு மிக அகன்றது, கூண்டறையோ ஆழமானது. அதன் உட்புறம் வெறுமையாக இருந்ததை நேர் எதிரே அமர்ந்தவர்களே தெளிவாகக் கண்டனர். மற்றவர் பலரும் ஹூடினியின் சொல்லை நம்பிக்கொள்ள வேண்டியவராயினர். யானையைக் கண்டார்கள், அது மறைந்ததைக் காணவில்லை!

இனி, அதே ஹூடினி பெரிய மேடைகளில் விரும்பிக் காட்டிய வேறொரு வித்தையைக் கேளுங்கள். அவர் தையல் ஊசிகளை வாயில் இட்டு விழுங்குவது போலக் காட்டுவார். பின்பு நூலையும் விழுங்குவார். அவையிலிருந்து மேடைக்கு வந்தோர் அவர் வாயைச் சோதித்து, ஒன்றும் இல்லை என்பார்கள். அதன்பின் நூலின் முனையை இழுத்தால், ஊசிகள் யாவும் கோக்கப்பட்டு வரிசையாக வெளிவரும். உதவியாளர் அம்முனையைப் பற்றிக்கொண்டு நடக்க நடக்க, நூல் மேடையின் குறுக்கே நீண்டுகொண்டே போகும். ஊசிகள் விளக்கொளியில் மின்னும். ஊசியினும் சிறிய பொருள் உண்டோ? ஆயினும் கடைசி வரிசைக்காரருக்கும் அது எட்டியது. (இது பழுத்த வித்தைக்காரரின் தொழில். விளையாட்டுக்கும் நீங்கள் ஒருவரும் முயலலாகாது.)

யானை எட்டாத இடத்திற்கு ஊசி எட்டியது எவ்வாறு? அரங்கிற்குப் பெரிதாக வேண்டியது பொருள் அன்று; நிகழ்ச்சி. முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி ஆயிற்று என்னும் மாற்றம் எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். இதுவே முதல் சோதனை.

இரண்டாம் சோதனை, கண்டது விளங்க வேண்டும் என்பது. சீட்டுகளை மூன்று அடுக்காகப் பிரித்து, ஏழாவதை எடுத்து, எண்ணைக் கூட்டி, பாதியைக் கழித்துச் செய்யும் வித்தைகள் உண்டு. வீட்டுத் திண்ணையில் நான்கு பேருக்கு அவை இனியவை. ஆயிரம் பேரில் நூறு பேர் கணக்கின் நடுவிலேயே வழி தவறிவிடுவார்கள். வழி தவறியவருக்கு வியப்பு ஏது?

1856இல் பிரான்சு நாட்டு ராபர்ட் ஹூடின் அல்ஜீரியாவில் வித்தை காட்டினார். இவர் பெயரைத் தழுவியே ஹூடினி தமக்குப் பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சு அரசு அந்நாட்டு மக்களிடையே தன் வலிமையைக் காட்ட அவரை அனுப்பியது. அந்த நோக்கம் போற்றத் தக்கதன்று. ஆயினும் அவருடைய தேர்வு கருதத் தக்கது. அவர் மொழி அவையோருக்குத் தெரியாது. அவர் ஒரு சிறு பெட்டியை மேடையில் வைத்து, வலிமை மிக்க ஒருவரை அழைத்தார். அவர் பெட்டியை எளிதாகத் தூக்கினார். "இப்போது உன் வலிமையை எடுத்துக்கொண்டேன், மீண்டும் தூக்கு" என்றார் ஹூடின். அம்மனிதர் முழுவலிமையோடு இழுத்தும் பெட்டி அசையவில்லை. சிறு பெட்டிதான், ஆனால் அரங்கம் பார்த்தது பெட்டியை அன்று, பெட்டியோடு போராடும் மனிதனை. தூக்கினான், பின்பு தூக்க முடியவில்லை. கதை அவ்வளவே. எம்மொழியினருக்கும் அது விளங்கும்.

மூன்றாம் சோதனை, அரங்கம் முழுவதும் அவ்வித்தையில் பங்குகொள்ள வேண்டும் என்பது. ஹோவர்ட் தர்ஸ்டன் என்னும் அமெரிக்கர், 1869 முதல் 1936 வரை வாழ்ந்தவர், சீட்டு வித்தையையே பெரிய மேடைக்கு உரியதாக்கினார். அவையோர் பெயர் சொல்லும் சீட்டுகள், கட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தாமே எழுந்து அவர் கைக்கு வரும். சீட்டின் எண் தெரியாவிட்டாலும், வெள்ளையாய் ஒன்று மேலெழுவது எல்லாருக்கும் தெரியுமல்லவா? அதுமட்டுமன்று. சீட்டுகளைச் சுழற்றி மேல்மாடத்தின் கோடி வரை அவர் வீசுவார். குறைந்த கட்டணத்தில் தொலைவில் அமர்ந்திருந்த ஏழை ரசிகனும் ஒரு சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்பலாம்.

நம் நாட்டின் பி. சி. சர்க்கார், 1913இல் பிறந்து 1971இல் மறைந்தவர், தம் இந்திரஜால் நிகழ்ச்சியில் ஒரு சிறு கலத்தை வைத்திருந்தார். நீரையெல்லாம் கவிழ்த்துக் காலி செய்து வைப்பார். வேறொரு வித்தை முடிந்தபின் மீண்டும் அதை எடுப்பார். மீண்டும் நீர் கொட்டும். நிகழ்ச்சி முழுவதும் இது திரும்பத் திரும்ப நடக்கும். ஒருமுறை கவனிக்கத் தவறியவருக்கும் மறுமுறை வாய்ப்புண்டு. பொருள் சிறிது, நீர் கொட்டுவதோ கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவது. உலோக வளையங்களைக் கோத்துப் பிரிக்கும் பழைய வித்தை இன்றும் மேடையில் நிலைத்திருப்பதற்கு, வளையத்தோடு வளையம் மோதும் அந்த ஒலியும் ஒரு காரணம்.

இன்று அரங்கின் இருபுறமும் பெருந்திரை அமைத்து, வித்தைக்காரர் விரலைக் காமிரா வழியே பெரிதாக்கிக் காட்ட முடிகிறது. அது நல்ல உதவியே. ஆயினும் அப்போது மக்கள் திரையைப் பார்க்கிறார்களேயன்றி மனிதரைப் பார்ப்பதில்லை. ஒன்றிரண்டு சிறு வித்தைகளுக்கு அது போதும். நிகழ்ச்சி முழுவதையும் அதன்மேல் சுமத்தலாகாது.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். அரங்கை அதிரவைக்க வேண்டும் என்னும் ஆசையால் ஆபத்தான வித்தைகளை நாடாதீர்கள். சுங் லிங் சூ என்ற பெயரில் சீனர் போல வேடம் பூண்ட வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர், துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையைப் பல்லாண்டு காட்டியவர். 1918ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் லண்டன் மேடையில் குண்டு உண்மையாகவே பாய்ந்து, மறுநாள் உயிர் நீத்தார். தொழிலில் தேர்ந்தவர் கதி அதுவாயின், பள்ளி மேடையில் கத்தியும் தீயும் எதற்கு?

அந்தச் சிறுவனிடம் மீண்டும் வருவோம். அடுத்த ஆண்டு விழாவுக்கு நான் காசையும் சீட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். விரல் கனத்தில் இரண்டு முழ வெள்ளைக் கயிறு ஒன்று. நாளேட்டின் முழுத்தாள் ஒன்று. வண்ணக் கைக்குட்டைகள் சில. வெட்டிய கயிறு ஒன்றாகும். கிழித்த தாள் முழுதாகும். வெறும் குழாயிலிருந்து கைக்குட்டைகள் தோன்றும். அவ்வளவே. பழகிப் பார்க்கும் நாளில் அவனை அழைத்து, "தம்பி, நீ கடைசி வரிசையில் உட்கார். ஒவ்வொன்றும் முடிந்ததும், நீ கண்டதை ஒரே வாக்கியத்தில் சொல்" என்றேன். கல்வி அதிகாரிகளின் ஆய்வுகள் பலவற்றைக் கண்டவன் நான். அந்தச் சிறுவனின் ஆய்வுக்கு அஞ்சியது போல வேறெதற்கும் அஞ்சியதில்லை.

"கயிற்றை வெட்டினீர்கள்; அது ஒட்டிக்கொண்டது" என்றான். "தாளைக் கிழித்தீர்கள், முழுதாயிற்று" என்றான். மூன்றாவதற்கு, "ஏதோ குழாய்..." என்று தயங்கினான். குழாய் பச்சை; பின்திரையும் பச்சை. அன்று மாலையே குழாய்க்கு மஞ்சள் வண்ணம் பூசினேன்.

விழாவன்று பின்வரிசையிலிருந்துதான் கைதட்டல் முதலில் எழுந்தது. மறுநாள் அவன் பள்ளி வாயிலில் நிற்கவில்லை. கேட்பதற்கு அவனுக்கு ஒன்றுமில்லை போலும். நானே அவனை அழைத்து, "பாட்டி என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன். "தெருவில் எல்லாரிடமும் கயிற்றுக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஐயா" என்றான்.

மாணவர்களே, உங்களுள் சிலர் வித்தை காட்டலாம். பலர் மேடையில் பேசலாம், நடிக்கலாம், நாளை ஆசிரியராகவும் ஆகலாம். எதைச் செய்வதாயினும், நமக்கு நன்றாக வருவது எது என்று மட்டும் எண்ணாமல், கடைசி வரிசையில் இருப்பவர்க்கு எட்டுவது எது என்றும் எண்ணித் தேர்ந்தெடுங்கள். அவரும் நம்மை நாடித்தான் நடந்து வந்திருக்கிறார்.