சைக்கிள் சீட்டின் உயரமும் கால்வலியும்

கடற்கரைச் சமவெளியில், ஒன்றையொன்று நேராக வெட்டிச்செல்லும் தெருக்களோடு அமைந்த புதுச்சேரி நகருக்குக் கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளே போதும் என்பதால், உள்ளூர் மக்களோடு வெளியூர்ப் பயணிகளும் வாடகைச் சைக்கிளில் ஊரைச் சுற்றுகின்றனர். நேற்று குட்டையானவர் ஓட்டிய வண்டி இன்று நெட்டையானவர் கைக்கு வரும்போது, சீட்டின் உயரம் மட்டும் பழையபடியே இருந்துவிடுகிறது. செம்மண் மேட்டில் உள்ள ஆரோவில்லை நோக்கிச் சாலை ஏறத் தொடங்கியதும், சமதளத்தில் தெரியாமலிருந்த அந்தக் குறை கால்வலியாக வெளிப்படுகிறது. பழக்கமின்மையும் வலிக்குக் காரணமாகலாம். ஆயினும் முதலில் சரிபார்க்க வேண்டியது சீட்டையே.

நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பவரின் ஒவ்வொரு முழங்காலும் ஒரு மணி நேரத்தில் 3,600 முறை மடங்கி நீள்கிறது. சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குவதால், மூட்டின் முன்புறம் மூடிபோல் அமைந்த சில்லெலும்பு தொடையெலும்பின்மீது அழுந்தி, முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. சீட்டு மிக உயர்ந்திருந்தாலோ, மிதிகட்டையை எட்டுவதற்காக இடுப்பு இருபுறமும் ஆடுவதோடு, முழங்காலின் பின்புறமும் கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலுள்ள நாணும் இழுபட்டு நோகின்றன.

சரியான உயரத்தை அறிய, சீட்டில் அமர்ந்து, கீழே இறங்கி நிற்கும் மிதிகட்டையின்மேல் குதிகாலை வைக்கும்போது கால் நேராக நீள்கிறதா என்று பார்ப்பது எளிய வழி. பிறகு பெருவிரலின் அடிமேட்டை மிதிகட்டையில் வைத்தால் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது நன்று. ஸ்பிரிங் சீட்டு உடல் எடையால் அமிழும் என்பதால், அமர்ந்த நிலையிலேயே இதைச் சோதிக்க வேண்டும். பிரெஞ்சுப் பந்தயப் பயிற்சியாளர் சிரில் கிமாரின் பெயரோடு வழங்கும் கணக்கு வேறொரு வழியைக் காட்டுகிறது: வெறுங்காலுடன் நின்று கவட்டிலிருந்து தரைவரை அளந்து, அதை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான உயரம் கிடைக்கும். கால் அளவு 80 செ.மீ. என்றால் இவ்வுயரம் ஏறக்குறைய 70.6 செ.மீ.

நெரிசலான நேரு வீதியில் நிறுத்தி நிறுத்திச் செல்வோர், அமர்ந்தபடியே இரு பாதங்களையும் தரையில் ஊன்ற விரும்பிச் சீட்டைத் தாழ்த்திவைக்கின்றனர். புதிதாகக் கற்பவருக்கும் முதியவருக்கும் குறுகிய தூரத்துக்கு அது பாதுகாப்பே. நெடுந்தூரம் ஓட்டுவோர் சீட்டை உயர்த்தி, நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னே இறங்கிக் காலூன்றப் பழகுவதே முழங்காலுக்கு நல்லது.

சீட்டைத் தாங்கும் குழாயின் போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்தி, ஒரு தடவைக்கு 5 மி.மீ. அளவே உயர்த்தியோ தாழ்த்தியோ, சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து, மீண்டும் திருத்துவதே முறை. குழாயில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு அதை உயர்த்தலாகாது. சீட்டு முன்தள்ளியிருந்தால் முட்டியின் முன்பக்கமும், மிகப் பின்தள்ளியிருந்தால் பின்தொடையும் சுமையை ஏற்பதால், உயரம் அமைந்தபின் அதையும் சரிசெய்ய வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் வலி நீடித்தாலோ மூட்டு வீங்கினாலோ மருத்துவரை நாட வேண்டும்.

வாடகைக் கடையில் காற்றையும் பிரேக்கையும் பார்த்து வாங்குவோர், அங்கேயே ஸ்பேனரைக் கேட்டுப் பெற்றுச் சீட்டையும் தம் காலுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டால், ஆரோவில் மேட்டை ஏறும் முழங்காலுக்கு வீண்சுமை இராது.