பணப்பெட்டிச் சாவி யாரிடம்?



எங்கட ஆற்றுப்படுத்தல் குழுவுக்கு அரசாங்க மானியம் கேட்கலாமா எண்ட விவாதம் இன்னும் முடியேல்லை. முடிவெடுக்க முன்னம், நாங்கள் குடியிருக்கிற இதே கனடாவில் நடந்த ஒரு விசயத்தைச் சொல்லவேணும்.

இங்கே சுமார் 150,000 பூர்வகுடிப் பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டார்கள். அந்தக் காயங்களை ஆற்றுவதற்காக 1998இல் அபொரிஜினல் ஹீலிங் பவுண்டேஷன் தொடங்கியது. அரசு 350 மில்லியன் டொலர் கொடுத்தது. ஆனால் நிர்வாகம் முதற்குடிகள், மெத்தி, இனுயிட் மக்களைக் கொண்ட 17 பேர் சபையிடம் இருந்தது. தலைவர் ஜோர்ஜ் எராஸ்மஸ், டெனே சமூகத்தவர்; பூர்வகுடிகள் பற்றிய அரச ஆணைக்குழுவின் இணைத்தலைவராக இருந்தவர். எந்த ஊரின் எந்தத் திட்டத்துக்குப் பணம் எண்டு அந்தச் சபைதான் தீர்மானித்தது. மூத்தோர் நடத்தும் சடங்கும் அங்கே வைத்தியம்தான். பட்டம் பெற்ற நிபுணர் வந்துதான் ஆற்றவேணும் எண்டில்லை.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வேலி இருந்தது. உடல், பாலியல் வன்முறையின் விளைவுகளுக்கு மட்டுமே பணம். பறிபோன மொழிக்கு இல்லை. தாய்மொழியில கதைச்சதுக்கு அடி வாங்கின பிள்ளைக்கு, அடிக்கு மட்டும் மருந்து! யார் யோசிச்சு எழுதினதோ தெரியாது.

2007இல் வழக்குத் தீர்வு உடன்படிக்கையால் இன்னும் 125 மில்லியன் வந்தது. 2008 யூன் 11, பிரதமர் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இரண்டு வருசம்கூட ஆகேல்லை, 2010 வரவு செலவுத் திட்டத்தில் நிறுவனத்துக்குப் புதுப்பணம் இல்லை. ஆதரவைத் தொடரலாம் எண்டு அரசின் சொந்த மதிப்பீட்டு அறிக்கையே சொல்லியிருந்தது. அந்த மார்ச் 31ஓடு 134 ஊர்த்திட்டங்களுக்கான பணம் நிண்டது. மனநல ஆதரவுக்கான காசு ஹெல்த் கனடா வழியாகப் போனது, அதாவது முடிவெடுக்கிற கை மாறிவிட்டது. 2014 செப்டெம்பர் 30இல் நிறுவனமே மூடப்பட்டது.

எராஸ்மஸும் சபையும் திறமை இல்லாததால இது நடக்கேல்லை. நல்ல தலைமை இருந்தால் போதும் எண்டு எங்கட கூட்டங்களில அடிக்கடி சொல்லுறம். அவையிட்ட அது இருந்ததுதானே?

மானியமே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. அந்தக் காசாலதான் பத்து வருசத்துக்கு மேல அங்க வேலை நடந்தது. எங்கட விண்ணப்பத்தில எதுக்குச் செலவழிக்கலாம், எத்தனை வருசம், ஆர் நிப்பாட்டலாம் எண்ட மூண்டு பகுதியையும் எல்லாரும் வாசியுங்கோ. மாதச் சந்தாவில ஒரு பங்கை இப்பவே தனியாக வைப்பம். காசு நிண்டால், அடுத்த கிழமை எங்கட அம்மாமாருக்கு ஆர் போன் எடுக்கிறது? அந்தப் பேர்களை இண்டைக்கே எழுதுவம்.