சைவம் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் வராதா?

(மைசூர் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



“முட்டைகூடத் தொடுவதில்லை, நமக்கு எப்படி கொலஸ்ட்ரால்?” என்று பலர் கேட்கிறார்கள். உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. மேலும், நாம் சைவமே தவிர பால், நெய்யை விட்டவர்கள் அல்ல. நெய்யில் சுமார் 60 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம். இவை எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தும். தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரால் கிடையாது என்பது உண்மை, ஆனாலும் உயர்த்தும்.

இதற்கு உதவும் பொருள் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே உண்டு. இதே மைசூரில், செலுவாம்பா மாளிகையில் 1950-ல் தொடங்கிய சி.எஃப்.டி.ஆர்.ஐ. விஞ்ஞானிகள், வெந்தயம் எலிகளின் கொலஸ்ட்ராலைக் குறைப்பதைக் கண்டார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் மனிதர்களிடமும் ஆராய்ந்து இதையே கண்டது.

காரணம் எளிது. கல்லீரல், கொலஸ்ட்ராலைக் கொண்டுதான் பித்த அமிலம் செய்கிறது. ஊறிய வெந்தயத்தின் வழவழப்பான நார், குடலில் அந்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிதாகச் செய்ய, கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. வெண்டைக்காய், பயறு வகைகள், பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றிலும் இத்தகைய நார் உண்டு.

ஆனால் வெந்தயத்தைச் சாப்பிட்டுவிட்டு மைசூர்பாகையும் தொடர்ந்தால் பலன் இராது. நெய்யைக் குறையுங்கள், சாதத்தைக் குறைத்துக் காய், பருப்பைக் கூட்டுங்கள். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள், வெந்தயமும் சர்க்கரையைக் குறைக்கும் என்பதால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். முக்கியமாக, டாக்டர் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பத்தியம் மருந்துக்குத் துணை, மாற்று அல்ல.