வளரும் கம்பெனியில் நம்ம புள்ளைக்கு வேலை: அனுப்பலாமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது, சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் உறுப்பினர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஏனுங்க, புள்ளைக்குக் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை கிடைச்சிருக்குது. புதுக் கம்பெனியாம், வேகமா வளருதாம். அனுப்பலாமுங்களா?" சரவணம்பட்டிக்கும் விளாங்குறிச்சி டைடல் பார்க்குக்கும் நம்ம கோபி பக்கத்துப் பிள்ளைகள் போகிற காலம் இது. அதனால் இதில் உள்ள நல்லது கெட்டது இரண்டையும் இன்று பார்ப்போம்.

முதலில் நல்லது. வளரும் கம்பெனியில் ஆள் குறைவு, வேலை அதிகம். ஒரே பிள்ளை நாலு விதமான வேலையைக் கற்றுக்கொள்ளும். பெரிய கம்பெனியில் பல வருடம் கழித்து வரும் பொறுப்பு இங்கே சீக்கிரம் கைக்கு வரும். கம்பெனி வளர்ந்தால் அதில் ஒரு பங்கும் கிடைக்கலாம்.

நம்ம கோவையிலேயே உதாரணம் உண்டு. சரவணகுமார் என்பவர் 2011-இல் தொடங்கிய கோவை.கோ கம்பெனி, 140 ஊழியர்களுக்கு 14 கோடி ரூபாய்க்கு மேல் போனஸ் என்று 2025-இல் அறிவித்தது. 2022 முடிவதற்குள் சேர்ந்தவர்கள் மூன்று வருடம் முடித்தால், ஒரு வருடச் சம்பளத்தில் பாதி.

சென்னையில் 2010-இல் தொடங்கிய பிரஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தைக்குப் போனது. அன்று 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார்.

இனி மறுபக்கம். அதே பிரஷ்வொர்க்ஸ் 2024 நவம்பரில் சுமார் 660 பேரை, அதாவது நூற்றுக்குப் பதிமூன்று பேரை, வேலையிலிருந்து எடுத்தது. இத்தனைக்கும் வருமானம் கூடிய நேரம் அது! கம்பெனி வளர்கிறது என்பதும், வேலை நிலைக்கும் என்பதும் வேறு வேறு விஷயங்கள். 36 டாலருக்கு விற்ற அதன் பங்கு, 2024 நடுவில் பாதிக்கும் கீழே இறங்கியது. பங்கு என்பது குடோனில் போட்ட மஞ்சள் மாதிரிங்க. விற்றுக் கையில் வாங்கினால்தான் பணம். விலை பார்த்துப் பார்த்து ஏமாந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இன்னொன்று, நேரம் காலம். ராத்திரி வேலை, விடுமுறையில் போன், உடம்புக்கு அலுப்பு, இதெல்லாம் இருக்கும்.

ஆகவே, சேருவதற்கு முன் இதைக் கேளுங்கள்:

1. வேலை உத்தரவு எழுத்தில் உண்டா? வருடத்துக்கு இத்தனை லட்சம் என்பார்கள். பிடித்தம் போக மாதம் கைக்கு எவ்வளவு?

2. பி.எஃப். கட்டுகிறார்களா? பிள்ளையின் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா?

3. ஒப்பந்தம் போடச் சொன்னால் எத்தனை வருடம், நடுவில் விட்டால் என்ன? ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு வரவே கூடாது.

4. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், பெண்கள் புகார் சொல்ல உள் புகார்க் குழு இருக்க வேண்டும். இது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். இருக்கிறதா?

5. ராத்திரி ஷிப்டு என்றால் வீடு வரை வண்டி உண்டா?

வேலைக்கு முன்பணம் கேட்டால், அந்த இடமே வேண்டாம். அதற்காகக் குழுவில் கடன் கேட்டால், நம்ம கூட்டத்தில் நாலு பேர் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

சம்பளம் வந்ததும் வீட்டுக்கடன், நகைச்சீட்டு எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிடாதீர்கள். முதலில் ஆறு மாதச் செலவுக்கு அவள் பேரிலேயே சேமிக்கட்டும். மாதம் நூறு, இருநூறு என்று சேர்த்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒருவேளை வேலை போய்விட்டால், "படிச்சும் வீட்ல உக்காந்திருக்கா"னு பேச்சு வரும், உடனே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்போம். கொஞ்சம் பொறுங்கள். 660 பேரோடு போன வேலை அவள் தப்பல்ல. கற்ற தொழிலை யாரும் பறிக்க முடியாது, அடுத்த இடம் தேட அவளுக்கு நாலு மாதம் கொடுங்கள்.

அனுப்புங்கள், விசாரித்து அனுப்புங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வேலை உத்தரவு வந்திருப்பவர்கள் அதைக் கையோடு கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து வாசிப்போம்.