வாசிப்பும் விளக்கமும்



“பிள்ளை நன்றாய் வாசிக்கிறான்; வினாவுக்கு விடை எழுதத்தான் தெரியவில்லை” என்று பெற்றார் முறையிடுவதை நாம் கேட்டிருக்கிறோம். இதனைச் சோம்பல் என்றோ மந்தபுத்தி என்றோ தள்ளிவிடுதல் தகாது. எழுத்தை ஒலித்தல் ஒரு திறன். பொருளைக் கிரகித்தல் வேறொரு திறன். முன்னையதைப் பயிற்றிவிட்டு, பின்னையது தானே வந்துவிடும் என்று இருந்துவிடுகிறோம். சரித்திரமும் விஞ்ஞானமும், ஏன், கணித வினாக்களுங்கூட வாசித்து விளங்கவேண்டியவையே. ஆதலால் இக்குறை ஒரு பாடத்தோடு நிற்பதில்லை.

கிரகிக்கும் திறனைப் பயிற்ற முடியுமா? முடியும். பலின்சார், பிரவுண் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், சரளமாக வாசித்தும் பொருள் விளங்காத ஏழாம் வகுப்பு மாணாக்கரிடையே நடத்திய ஆராய்ச்சியை 1984 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு பகுதியை வாசித்ததும் அம்மாணாக்கர் நான்கு காரியங்களைச் செய்தனர்: அதிலிருந்து வினா எழுப்புதல், சாரத்தைத் தம் சொல்லிற் கூறுதல், விளங்காத இடத்தைத் தெளிதல், அடுத்து வருவதை ஊகித்தல். முதலில் ஆசிரியர் செய்து காட்டினார். பின்னர் மாணாக்கரே முறைமுறையாக ஆசிரியரின் இடத்தை வகித்தனர். அவர்களது கிரகிக்கும் திறன் தெளிவாக உயர்ந்தது.

இது நமக்கு முற்றிலும் புதியதன்று. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் காற்பங்கே கைவரும். உடன்கற்போரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு வரும். பிறருக்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்று நன்னூற் பாயிரத்திலே பவணந்தி முனிவர் வகுத்துள்ளார். மனனஞ் செய்வதை நான் இகழவில்லை. நன்னூலும் பாடம் போற்றச் சொல்கிறது. ஆனால் அந்த அரைப்பங்கை மனனம் மட்டும் நிரப்பாது.

இன்னுமொன்று. 1988 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியிலே, பேஸ்போல் விளையாட்டைப் பற்றிய பகுதியொன்று மாணாக்கருக்குக் கொடுக்கப்பட்டது. வாசிப்பிற் பின்தங்கியும் விளையாட்டை நன்கறிந்தவர்கள், வாசிப்பிற் சிறந்தும் விளையாட்டை அறியாதவர்களைவிட அதனை நன்கு விளங்கிக்கொண்டனர். விஷயஞானமே விளக்கத்துக்கு அத்திவாரம் என்பது இதனாற் புலப்படும். எனவே பத்திரிகையும் கதையும் பிரயாண நூலும் வாசிக்கும் பிள்ளையை, “பாடத்தைப் படி” என்று கடிந்துகொள்ளாதீர்கள். அதுவும் பாடமே.

நண்பர்களே, ஞாயிறுதோறும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குவோம். ஐந்தாறு பிள்ளைகளுக்கு மூத்த மாணாக்கர் ஒருவர் துணையிருக்கட்டும். ஒரு பக்கம் வாசித்து, முற்கூறிய நான்கு காரியங்களையும் பிள்ளைகளே மாறி மாறிச் செய்யட்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். பிள்ளை சொல்லித் தடுமாறும்போது நாம் முந்திக்கொண்டு விடை கூறாதிருக்கும் பொறுமை அது.

பெரியோர்களே, வீட்டிலே “எத்தனை பக்கம் படித்தாய்?” என்று கேட்பதை விடுத்து, “படித்ததை எனக்குச் சொல்லு, கேட்போம்” என்று சொல்லுங்கள். உங்களுக்கு விளங்கச் சொல்லும் பிள்ளை தனக்கும் விளங்கிக்கொள்வான்.