எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு வரி



2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஒன்ராறியோ மாகாண அரசு, பசுமை வலயத்தில் 15 இடங்களிலுள்ள ஏறத்தாழ 7,400 ஏக்கர் நிலத்தைப் பாதுகாப்பிலிருந்து விடுவித்து, வீடு கட்டக் கொடுக்கப்போவதாக அறிவித்திருந்த நேரம். வழமைபோல நிகழ்ச்சியின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை உங்கள் தொலைபேசி அழைப்புகளுக்கு ஒதுக்கியிருந்தேன். ஒரு தம்பி எடுத்தார்.

"அண்ணை, எங்கட பிள்ளையள் வீடு வாங்க ஏலாமல் பேஸ்மன்ற்றிலை இருக்கினம். இவையள் ஆமைக்கும் தவளைக்கும் காணி வேணும் எண்டு கொடி பிடிக்கினம். எங்கட சனத்துக்குக் காணி வேண்டாமே?"

நான் பதில் சொல்லவில்லை. "நல்ல கேள்வி தம்பி" என்று சொல்லிவிட்டு ஒரு பாடலைப் போட்டேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். நான் ஒரு கணக்காளன். என்னிடம் வரிக் கணக்குச் செய்ய வருபவர்களில் பலர் வீடு விற்பனைத் தொழிலில் இருப்பவர்கள். என் மகளும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். அந்தத் தம்பி சொன்னதில் பாதி என் மனதிலும் இருந்தது. மற்றப் பாதிக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. பிந்திய பதில்தான் என்றாலும், இன்று அதைச் சொல்ல முயல்கிறேன்.

விடுவிக்கப்பட்ட நிலங்களில் மிகப் பெரிய பகுதி எங்கே இருந்தது தெரியுமா? நம்மவர்கள் நெருக்கமாக வாழும் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் பக்கத்தில், பிக்கறிங் நகர எல்லைக்குள், ரூஜ் தேசிய நகரப் பூங்காவை ஒட்டியிருக்கும் டஃபின்ஸ் ரூஜ் விவசாய ஒதுக்கு நிலத்தில். அதைப் பாதுகாப்பதற்கென்றே 2005இல் ஒரு தனிச் சட்டம் இருந்தது. 2022 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே நீக்கினார்கள்.

அப்போது எதிர்த்து நின்றவர்களைப் பாருங்கள். கமக்காரர்கள், சூழல் அமைப்புகள், முதற்குடிகளின் தலைவர்கள், நகரத்துச் சாதாரண குடும்பங்கள். மற்ற விடயங்களில் இவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவதில்லை. கிருமிநாசினி தெளிப்பது பற்றிக் கமக்காரருக்கும் சூழல் அமைப்புகளுக்கும் எப்போதும் தகராறு. நிலம் யாருடையது என்பதில் முதற்குடிகளின் பார்வையே வேறு. அப்படியிருந்தும் "பசுமை வலயத்தின் எல்லைக் கோட்டை நகர்த்தாதே" என்ற ஒரு வரியில் எல்லோரும் ஒன்றானார்கள். 2023 ஆகஸ்டில் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வெளிவந்தது. செப்டெம்பரில் வீடமைப்பு அமைச்சர் பதவி விலகினார். அதே மாதம் 21ஆம் திகதி முதல்வர் முடிவை மாற்றிக்கொண்டார். ஆண்டு முடிவதற்குள் நிலங்கள் சட்டப்படி திரும்பவும் பாதுகாப்புக்குள் வந்தன.

இது ஒரு நாளில் வந்த ஒற்றுமை இல்லை. இதற்கு முன்னர் இதே ரூஜில் ஒரு பழைய கதை உண்டு.

கோடையில் "ரூஜ் பீச்" என்று நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் ஏரிக்கரையில் வந்து விழுகிறதே, அந்த ஆற்றின் பள்ளத்தாக்கைக் காப்பாற்ற 1975இல் ஒரு குழு தொடங்கியது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் லோயிஸ் ஜேம்ஸ் என்ற ஸ்காபரோ பெண்மணி. வீட்டுத் திட்டம், நெடுஞ்சாலைத் திட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. அவர்கள் ஒவ்வொன்றுக்கும் போய் நின்றார்கள். 1990களின் நடுவில் அது ரூஜ் பூங்காவாக ஆனது. 2015இல் மத்திய அரசு சட்டம் இயற்றி அதைக் கனடாவின் முதலாவது தேசிய நகரப் பூங்கா ஆக்கியது.

சண்டை முடிந்துவிட்டது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் பெரிய சண்டை அப்போதுதான் வந்தது, அதுவும் நண்பர்களுக்கிடையிலேயே. 2015இன் சட்டம், பூங்காவின் இயற்கையைப் பாதுகாப்பதை அமைச்சர் "கவனத்தில் எடுக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னது. ஒன்ராறியோ நேச்சர், என்வயரன்மென்டல் டிஃபென்ஸ், ரூஜ் நீர்ப்படுகை நண்பர்கள் போன்ற அமைப்புகள் "இது போதாது" என்றன. மாகாண அரசும் 2014இலேயே, சட்டம் இப்படி இருந்தால் தன் நிலங்களைத் தரமாட்டேன் என்று நின்றது. மறுபக்கத்தில் வேறு சிலர் "கிடைத்ததை விடாதீர்கள், குறையைப் பிறகு திருத்தலாம்" என்றார்கள். பூங்காவுக்குள் தலைமுறையாகப் பயிர் செய்யும் கமக்காரர்களுக்கு இன்னொரு பயம்: இயற்கைக்கு முதலிடம் என்று எழுதினால் தங்களை வெளியேற்றி விடுவார்களோ என்று.

2017 ஜூனில் சட்டம் திருத்தப்பட்டது. சூழல்தொகுதியின் முழுமையைப் பேணுவதும் மீட்பதும், பூங்கா நிர்வாகத்தின் எல்லா அம்சங்களிலும் அமைச்சரின் முதல் முன்னுரிமையாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதே காலத்தில், கமக்காரர்களுக்கு 30 ஆண்டுகள் வரை நீண்ட குத்தகை கொடுக்கவும் வழி செய்தார்கள். மாகாணத்தின் நிலங்களும் வந்து சேர்ந்தன. இப்போது இந்தப் பூங்காவின் பரப்பு 79 சதுர கிலோமீற்றர் என்று கணக்கு.

"கவனத்தில் எடுக்க வேண்டும்" என்பதற்கும் "முதல் முன்னுரிமை" என்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு கணக்காளனுக்கு நன்றாக விளங்கும். ஒரு கடனை ஐந்தொகையில் காட்டுவது வேறு, கடைசிப் பக்கத்தில் அடிக்குறிப்பாகப் போடுவது வேறு. அடிக்குறிப்பை யாரும் வாசிப்பதில்லை.

எங்கள் தொழிலில் "பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கீட்டுக் கோட்பாடுகள்" என்று சில உண்டு. கணக்காளர்களாகிய நாங்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிறோம், வாடிக்கையாளரைப் பறிக்கிறோம், சில வேளைகளில் முகம் கொடுத்தும் பேசுவதில்லை. ஆனால் ஒரே கோட்பாட்டின்படிதான் கணக்கு எழுதுகிறோம். அதனால்தான் நான் எழுதிய கணக்கை முன்பின் தெரியாத இன்னொருவர் நம்பி வாசிக்க முடிகிறது. முன்மதி என்று ஒரு எண்ணக்கரு படித்தோம். வரக்கூடிய நட்டத்தை இப்போதே கணக்கில் எடு, வராத இலாபத்தை எழுதாதே என்பது அதன் சாரம். 1992இல் ரியோ மாநாட்டின் 15ஆவது கோட்பாடாக உலக நாடுகள் ஏற்றதும் ஏறக்குறைய இதுதான். மீளமுடியாத கேடு வரக்கூடும் என்றால், விஞ்ஞானம் முற்றாக நிரூபிக்கட்டும் என்று சொல்லித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆகவே சூழல் அமைப்புகள் எல்லாம் ஒரே சங்கமாக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே சங்கமாக்கப் போய் இரண்டாக உடைந்த கதைகள் நமக்குத் தெரியாதவையா? ஊர்ச் சங்கம் இரண்டு, பழைய மாணவர் சங்கம் இரண்டு என்று பார்த்தவர்கள்தானே நாம். தலைவர் யார், பெயர் என்ன, கொடி எது என்று தொடங்கினால் அங்கேயே முடிந்துவிடும். கோட்பாட்டை முதலில் எழுதினால் ஆட்கள் பிரிந்திருந்தும் வேலை ஒன்றாக நடக்கும்.

ஆனால் அந்தக் கோட்பாட்டை எழுதும்போது மேசையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். 1991 ஒக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் கறுப்பின மக்கள், பூர்வகுடிகள், லத்தீன் அமெரிக்கர், ஆசியர் எல்லோரும் கூடி, சூழல் நீதிக்கென்று 17 கோட்பாடுகளை எழுதினார்கள். பெரிய சூழல் அமைப்புகள் காட்டைப் பற்றிப் பேசின, ஆனால் குப்பைமேட்டுக்கும் ஆலைப் புகைக்கும் பக்கத்தில் வாழும் மக்களைப் பற்றிப் பேசவில்லை என்பது அவர்களின் குறை. நியாயமான குறை. நானும் ரூஜில் மரம் நடப் போயிருக்கிறேன், நூலகத்தில் நடந்த கூட்டத்துக்கும் போயிருக்கிறேன். நம்மவர்களை எண்ண ஒரு கை போதும். யாரும் கூப்பிடவில்லை என்று சொல்லலாம். கூப்பிட்டால் போயிருப்போமா என்றும் கேட்க வேண்டும்.

நமக்கு இதில் சொல்ல ஒன்றும் இல்லையா? பூங்காவுக்கு வடகிழக்கே இருக்கும் பிக்கறிங் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் விமான நிலையம் கட்டவென்று மத்திய அரசு 18,600 ஏக்கரைக் குடும்பங்களிடமிருந்து கட்டாயமாக எடுத்தது. அங்கே பயிர் செய்தவர்களும், நகரத்து மக்களும், அவர்கள் பிள்ளைகளின் தலைமுறையும் "சோறு போடும் நிலம் ஓடுபாதை ஆகக் கூடாது" என்று விடாமல் நின்றார்கள். 53 ஆண்டுகளின் பின், 2025 ஜனவரியில், விமான நிலையம் வராது என்று அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த் அறிவித்தார். மிஞ்சிய நிலத்தைப் பார்க்ஸ் கனடாவிடம் கொடுக்கும் நோக்கத்தையும் சொன்னார். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு வெளிக்கிட்டு, பலாலிப் பக்கத்துக் காணியை இருபது முப்பது வருடம் வேலிக்கு வெளியே நின்று பார்த்த சனத்துக்கு இந்தக் கதை விளங்காதா? அங்கே நடந்தது போரினால், இங்கே நடந்தது திட்டத்தினால். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கேட்காமல் எடுக்கப்பட்ட நிலத்தின் வலி நமக்குத் தெரியும். முதற்குடிகள் பேசும்போது, மற்றவர்களைவிட நாம் கொஞ்சம் கூடவே காது கொடுக்க வேண்டியவர்கள்.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். தம்பி, நீங்கள் கேட்டது நியாயம். பிள்ளைகளுக்கு வீடு வேண்டும். ஆனால் மாகாண அரசே நியமித்த வீடமைப்புச் செயலணி 2022 பெப்ரவரியில் என்ன சொன்னது? வீட்டுத் தட்டுப்பாட்டுக்குக் காரணம் நிலம் இல்லாமை அல்ல, பசுமை வலயத்தைத் தொடாமலே கட்டுவதற்கு நிலம் இருக்கிறது என்றது. சரி, விடுவித்த நிலத்தால் ஆதாயம் யாருக்கு? உரிமையாளர்களின் நிலப் பெறுமதி 8.3 பில்லியன் டொலருக்கு மேல் கூடக்கூடும் என்று கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை காட்டியது. தெரிவு செய்த முறை சில நில அபிவிருத்தியாளர்களுக்குச் சாதகமாக இருந்தது என்றும் சொன்னது. அந்த 8.3 பில்லியன் உங்கள் பிள்ளையின் வீட்டு விலையைக் குறைக்கும் தொகை அல்ல. நிலம் வைத்திருப்பவரின் வரவுப் பக்கத்தில் எழுதும் தொகை. அன்றைக்கே இதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் பிழை.

அதேநேரம் சூழல் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கோட்பாடுகளில் "கட்டாதே" என்பது மட்டும் இருந்தால் பேஸ்மன்ற்றில் இருக்கும் குடும்பம் உங்களோடு வராது. "இங்கே கட்டாதே, அங்கே கட்டு, எங்களாலும் வாங்கக்கூடிய விலைக்குக் கட்டு" என்றும் எழுத வேண்டும். 2017இல் கமக்காரரின் குத்தகையையும் சேர்த்து யோசித்தபடியால்தான் ரூஜில் காரியம் நடந்தது.

நேயர்களே, ரூஜ் ஈரநிலங்களில் 2014 முதல் ரொறன்ரோ மிருகக்காட்சிசாலையினர் பிளாண்டிங்ஸ் என்ற ஆமைக்குஞ்சுகளை வளர்த்து விடுகிறார்கள். அந்த ஆமை எண்பது வருடம் வரை வாழக்கூடியது. இன்றைக்கு விட்ட குஞ்சு நாம் போன பிறகும் அங்கே இருக்கும், நிலம் இருந்தால்.

வரும் கோடையில் உங்கள் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடலில், கயிறிழுத்தல் தொடங்க முன்னர் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நம் பகுதியின் நிலத்தையும் நீரையும் பற்றி நாம் எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரே ஒரு வரியை எழுதுங்கள். மற்றச் சங்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரியும் ஒன்றாக இருந்தால், அதை வைத்துக்கொண்டு மாநகர சபைக் கூட்டத்துக்குச் சேர்ந்து போகலாம். இருக்காவிட்டால் எனக்கு அழைப்பு எடுங்கள். இம்முறை பாட்டுப் போடமாட்டேன்.